மனை எழுப்பும் உரிமையும் மன்றத்தின் இசைவும்: ஒலுவிற் கரையை முன்னிறுத்திய ஓர் ஆராய்ச்சி

உண்டி, உடை, உறையுள் என்னும் மூன்றனுள் முன்னைய இரண்டும் ஒருவன் தன் விருப்பின்படி கொள்ளத்தக்கன. உறையுள் அத்தகையதன்று. ஒருவன் உண்ணும் சோறு அயலான் வயிற்றை நிறைப்பதுமில்லை, கெடுப்பதுமில்லை. அவன் எழுப்பும் சுவரோ அயலான் முற்றத்து வெயிலை மறைக்கும்; அவன் அகழும் மலக்குழி அயலான் கிணற்று நீரைக் கெடுக்கும்; அவன் மண்ணிட்டு உயர்த்தும் நிலம் அயலான் வளவுக்குள் மாரி வெள்ளத்தைத் திருப்பிவிடும். வீடு ஒருவனுடைய பொருளாயினும் அதன் விளைவு பலர்க்கும் பொதுவாதலின், கட்டுமுன் ஊர்மன்றத்தின் இசைவைப் பெறுதல் வேண்டும் என்னும் விதி பல நாடுகளிலும் எழுந்தது. 1666 இல் இலண்டன் மாநகர் எரிந்தழிந்தபின், அடுத்த ஆண்டிலேயே ஆங்கிலப் பாராளுமன்றம் இயற்றிய சட்டம் புறச்சுவர்களுக்கு மரத்தை விலக்கிச் செங்கல்லும் கருங்கல்லுமே கொள்ளுமாறு பணித்தது. ஆங்கு விதியைப் பிறப்பித்தது தீ. இலங்கையிற் பிறப்பித்தது நோய்.

1914 இல் கொழும்பு நகரிற் கொள்ளைநோய் தோன்றியது. எலிகள் மலிந்து, காற்றும் ஒளியும் புகாது நெருங்கிக் கிடந்த குடியிருப்புக்களே அந்நோய்க்கு இடமாயின. அச்சம் தணியுமுன்னர், 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச்சட்டம் நிறைவேறிற்று. நூறாண்டு கடந்தும் அது நடைமுறையில் இருந்துவருகின்றது. அதன் சாரம் மூன்று 'ஆகாது'களில் அடங்கும். உள்ளூராட்சி மன்றத் தலைவர் எழுத்துமூலம் அங்கீகரித்த வரைபடத்துக்கு அமைவாகவன்றி எவரும் கட்டடம் எழுப்புதலாகாது. எழுப்பிய கட்டடத்தை அங்ஙனமே மாற்றுதலுமாகாது. கட்டிமுடித்தது வரைபடத்தோடு இணங்குகின்றது என்னும் சான்றிதழ் பெறாது அதிற் குடிபுகுதலுமாகாது. மீறியவிடத்து நீதவான் நீதிமன்றம் தண்டம் விதிப்பதோடு அமையாது, இடித்தகற்றும் கட்டளையும் பிறப்பிக்கலாம்.

கொழும்பின் ஒடுங்கிய சந்துகளை நோக்கி எழுந்த இச்சட்டம், வயலுக்கும் கடலுக்கும் இடையே மணல்மேற் கிடக்கும் ஒரு கீழ்கரை ஊரில் எவ்வாறு பொருந்துகின்றது என்பது ஆராயத்தக்கது. அதற்கு ஒலுவில் ஏற்ற களமாகும்.

கல்முனையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் ஆகிய ஊர்களைக் கடந்து, களியோடையாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் ஒலுவில் தொடங்குகின்றது. மேற்கே நெல்வயல், கிழக்கே வங்கக்கடல், தெற்கே பாலமுனையும் அட்டாளைச்சேனையும். 1961 இல் மட்டக்களப்பு மாவட்டத்தினின்றும் பிரித்தமைக்கப்பட்ட அம்பாறை மாவட்டத்துள் இஃது அடங்கும். உள்ளூராட்சியில் அட்டாளைச்சேனைப் பிரதேச சபையின் எல்லைக்குட்பட்டது. மீன்பிடியும் வேளாண்மையும் தொழிலாகக் கொண்ட தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் இங்கு வாழ்கின்றனர். 1995 இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996 இல் முழுமை பெற்ற தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இவ்வூரிலே அமைந்தது. 2008 இற் பணி தொடங்கி 2013 செப்தெம்பரில் திறக்கப்பட்ட துறைமுகமும் இவ்வூரதே. பல்கலைக்கழகமும் துறைமுகமும் வரவே, ஊர் நகரின் சாயலை ஏற்கத் தொடங்கியது. விடுதிகளும் கடைகளும் மாடிவீடுகளும் எழுந்தன. கிடுகு வேலியிட்டுக் குடிலமைத்தற்கு எவரையும் கேளாதிருந்த ஊரில், கொங்கிறீற்றுத் தூண் நாட்டுதற்கு மன்றத்தின் படியேற வேண்டிய நிலை உண்டாயிற்று.

மன்றத்தின் படி ஒன்று மட்டுமன்று என்பதே ஈண்டு முதலில் அறியற்பாலது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தாற் பிரதேச சபைகள் தோன்றின. கட்டட அனுமதி வழங்கும் அதிகாரம் அவற்றின்பாற்பட்டது. எனினும் 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நகர அபிவிருத்தி அதிகாரசபை ஓரிடத்தை அபிவிருத்திப் பிரதேசமெனப் பிரகடனப்படுத்துமாயின், 1982 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அவ்விடத்தில் அவ்வதிகாரசபையின் அனுமதியும் வேண்டப்படும். நடைமுறையில் அவ்வதிகாரத்தை அதிகாரசபை உள்ளூராட்சி மன்றத்துக்கே கையளித்துவிடுவதுண்டாதலின், விண்ணப்பிப்பவன் காண்பது ஒரே மேசையாயினும் அதன்பின்னே நிற்பன இரு சட்டங்களாகும். காணி கடலோரத்ததாயின் 1981 ஆம் ஆண்டின் கரையோரம் பேணற் சட்டம் குறுக்கிடும். வயலாயின் 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் குறுக்கிடும். பெருந்தெருவை அடுத்ததாயின் வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் எல்லைக்கோடு குறுக்கிடும். ஒலுவிலோ கடலும் வயலும் பெருந்தெருவும் ஒருங்கே அமைந்த ஊர். கண்டியிலோ பதுளையிலோ வீடு கட்டுபவனுக்கு இம்மூன்றும் ஒருங்கே எதிர்ப்படுதல் இல்லை.

இனி விண்ணப்பத்தின் போக்கு. மன்ற அலுவலகத்தில் உரிய கட்டணம் செலுத்திப் படிவம் பெறுதல் முதற்செயல். அதனோடு காணியின் உறுதி, நில அளவையாளர் வரைந்த அளவைப்படம், கட்டட வரைபடத்தின் பிரதிகள், சோலைவரி செலுத்திய பற்றுச்சீட்டு ஆகியன இணைக்கப்படல் வேண்டும். வீதி அகலிக்கப்படும்போது காணியில் எவ்வளவு இழக்கப்படும் என்பதைக் காட்டும் வீதிக்கோட்டுச் சான்றிதழும் வேண்டும். வரைபடம் என்பது வீட்டின் முகத்தோற்றத்தை அழகுற வரைந்த சித்திரமன்று. தளப்படம், முகப்புப்படம், குறுக்குவெட்டுப்படம், காணியில் வீடு நிற்கும் இடத்தைக் காட்டும் படம் என நான்கும் அதனுள் அடங்கும். கிணறும் மலக்குழியும் எங்கே அமையும் என்பதும், அயற்காணியின் கிணறு எத்துணைத் தொலைவிலுளது என்பதும் குறிக்கப்படாத படம் பெரும்பாலும் திரும்பிவரும். படவரைஞர் சிலர் ஒருவர்க்கு வரைந்த படத்தையே பெயர் மாற்றி இன்னொருவர்க்கு அளித்தலுமுண்டு. வடக்கு நோக்கிய வீட்டின் படம் கிழக்கு நோக்கிய காணிக்கு வந்து சேர்தலும் அதனாலேயாம்.

உறுதி என்பதிலும் ஒரு சிக்கலுண்டு. கீழ்கரைக் காணிகள் யாவும் தனியார் உறுதிக் காணிகளல்ல. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழ் அரசு வழங்கிய அனுமதிப்பத்திரக் காணிகளும் அளிப்புப்பத்திரக் காணிகளும் இடையிடையே கலந்து கிடக்கின்றன. அத்தகைய காணியை ஒருவன் கைமாற்றாக வாங்கி, வெறும் எழுத்தொன்றைக் கையில் வைத்துக்கொண்டு மன்றத்துக்குச் செல்வானாயின், அவனுடைய வரைபடம் எத்துணைச் செம்மையதாயினும் முதன்மேசையிலே தடைப்படும். அவன் முதலிற் செல்லவேண்டிய இடம் பிரதேச சபையன்று, பிரதேச செயலகமாகும். இவ்விரண்டும் பெயரால் ஒத்தன போலத் தோன்றினும், முன்னையது மக்கள் தெரிந்தெடுத்த மன்றம், பின்னையது அரசின் நிருவாக அலுவலகம் என்னும் வேற்றுமை தெரியாமையாற் பலர் இரண்டு வாயிலுக்குமிடையே நடந்து களைக்கின்றனர்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டபின், மன்றத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பொதுச்சுகாதாரப் பரிசோதகரும் காணியைச் சென்று பார்ப்பர். முன்னவர் நோக்குவது சுவரும் எல்லையும் வீதியும். பின்னவர் நோக்குவது கிணறும் குழியும் வடிகாலும். அவ்விருவர் அறிக்கையோடும் விண்ணப்பம் திட்டமிடற் குழுவின் முன் வைக்கப்படும். குழுவின் பரிந்துரைமேல் தவிசாளர் கையொப்பமிடுவார். கல்முனை போன்ற மாநகரசபையாயின் அக்கையொப்பம் முதல்வருடையது. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் ஆயுட்காலம் முடிந்து, 2025 மே மாதத்துத் தேர்தல் வரையும் தவிசாளரற்ற நிலை நிலவியபோது, செயலாளர்களும் ஆணையாளர்களுமே மன்றப் பணிகளை நடத்தினர். மன்றம் கலைந்தாலும் வீடு கட்டும் தேவை கலைவதில்லையன்றோ?

அனுமதியின் ஆயுள் பொதுவாக ஓராண்டு. வேண்டியவிடத்து நீடிப்புப் பெறலாம். கையிற் பணம் சேரச் சேர ஆண்டுதோறும் ஒரு வரி கல் எழுப்பும் குடும்பங்களுக்கு இவ்வோராண்டு எல்லை மிகக் குறுகியது. மத்திய கிழக்கு நாட்டில் உழைக்கும் மகன் அனுப்பும் பணத்தில் அத்திவாரமும், மறு ஆண்டு அனுப்பும் பணத்தில் சுவரும், அதன்மறு ஆண்டு கூரையும் என எழும் வீட்டுக்குரியவர்கள் அனுமதிப்பத்திரம் காலாவதியானதை அறியாமலே கட்டிக்கொண்டிருப்பர்.

விதிகளின் உட்பொருள் இனி நோக்கற்பாலது. 1986 இல் வெளியான திட்டமிடல், கட்டட ஒழுங்குவிதிகள் முப்பத்தைந்து ஆண்டு வழங்கின. 2021 இற் புதிய விதித்தொகுதி அவற்றின் இடத்தைப் பெற்றது. எனினும் பழைய விதிகளின் சில அளவுகள் மேசன்மாரின் நாவிலும் படவரைஞரின் கையிலும் ஊறிப்போய்விட்டன. அவற்றுள் ஒன்று, வதியும் அறையின் தளப்பரப்பில் ஏழிலொரு பங்கு சாளரமும் திறப்புமாக இருத்தல் வேண்டும் என்பது. 10 அடி அகலமும் 12 அடி நீளமும் உடைய அறையின் தளப்பரப்பு 120 சதுர அடி. அதன் ஏழிலொன்று 17 சதுர அடிக்குச் சற்று மேல். 4 அடி அகலமும் 4 அடி உயரமும் உடைய சாளரம் ஒன்றினால் அவ்வறை விதியை நிறைவு செய்யாது. 16 சதுர அடியே கிடைக்கும். பெண்டிர்க்கு மறைப்பு நாடி மதிலை உயர்த்திச் சாளரத்தைச் சிறுக்க விரும்பும் இல்லங்களில் இவ்விதி எப்போதும் உவப்பளிப்பதன்று. உள்முற்றம் வைத்த பழைய வீட்டமைப்பு இம்முரணை எளிதில் தீர்த்திருந்தது. ஒளி வானத்தினின்று வந்தது, அயலார் பார்வை வரவில்லை. காணி சுருங்கியபோது அம்முற்றமே முதலிற் பலியாயிற்று.

மற்றொன்று, கட்டடத்தின் உயரம் பற்றியது. பம்பாய் நகரிற் கொள்ளைநோயின் பின் 63½ பாகைக் கோணவிதி என ஒன்று வழங்கிற்று. எதிர்ப்புறத்து நிலமட்டத்தினின்றும் அக்கோணத்தில் ஒரு கோடு இழுத்தால், அது கிடையாக ஓரடி செல்லுந்தோறும் மேனோக்கி இரண்டடி உயரும். அஃதாவது கட்டடத்தின் உயரம் அதன் முன்னுள்ள திறந்த வெளியின் அகலத்துக்கு இருமடங்கின் மிகாதிருத்தல் வேண்டும் என்பதேயாம். இலங்கையின் விதிகளிலும் இக்கருத்து இடம்பெற்றது. 10 அடிச் சந்தில் மூன்று மாடி எழுப்ப விழைபவனுக்கு அது தடையாகும். பின்புறத்திலே 2.3 மீற்றர், அஃதாவது 7½ அடி வெளி விடல் வேண்டும் என்பதும், காணியில் ஏறத்தாழ மூன்றிலிரண்டு பங்குக்கு மேற் கட்டடம் பரவலாகாது என்பதும் அதே நோக்கின.

இவையனைத்தினும் கீழ்கரை மக்களை மிகுதியும் தாக்குவது காணியின் மிகக்குறைந்த அளவாகும். 150 சதுர மீற்றர் என விதி கூறிற்று. வழக்கில் அஃது 6 பேர்ச். பேர்ச் என்பது 16½ அடிச் சதுரம். 272¼ சதுர அடி. யாழ்ப்பாணத்தார் கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கராதலின் ஒரு பரப்பு 10 பேர்ச் ஆகும். பரப்புக் கணக்கிற் பழகியவர்க்கு 6 பேர்ச் எத்துணைச் சிறியது என்பது விளங்கும். இத்துணைச் சிறிய அளவும் ஏன் ஒரு தடையாகின்றது எனின், அதன் விடை சட்டநூலில் இல்லை, குடிவழக்கில் உள்ளது.

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இருசாராரிடையும் தாய்வழிக் குடிமுறை நிலவுகின்றது. மணமானபின் மணமகன் மணமகளின் வீட்டுக்கு வருவான். பெண்ணுக்கு வீடு கொடுத்தல் பெற்றோரின் கடன். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு நிகழ்த்திய அமெரிக்க மானிடவியலறிஞர் தெனிசு மக்கில்ரே 2008 இல் வெளியிட்ட நூலில் இவ்வழக்கை விரிவாக விளக்கியுள்ளார். இஸ்லாமியச் சட்டம் இறந்தார் சொத்தை மக்களுக்குப் பங்கிடும் முறை வேறு. வீடோ பெற்றோர் வாழுங்காலத்திலேயே சீதனமாகப் பெண்ணுக்கு எழுதப்பட்டுவிடும். தம் வளவையே துண்டாடித் தருதல் பெரும்பான்மையான தந்தையர்க்குக் கைகூடிய வழியாகும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனைத் தெளியலாம். மீன்பிடித் தொழிலாளி ஒருவனுக்கு 20 பேர்ச் வளவு ஒன்று உண்டெனக் கொள்க. வீதிமுகம் 60 அடி, உள்நீளம் 90¾ அடி. பெண்மக்கள் மூவர். வளவை வீதியிலிருந்து பின்னோக்கி மூன்றாக அடுக்கிப் பிரித்தால், பின்னுள்ள இருவர்க்கும் பாதை விடல் வேண்டும். 10 அடிப் பாதை கடைசித் துண்டின் வாயில் வரையும் செல்லும்போது ஏறத்தாழ 640 சதுர அடியை விழுங்கிவிடும். எஞ்சியதை மூவர்க்கும் சமமாகப் பகுத்தால் ஒருத்திக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1,600 சதுர அடி. 6 பேர்ச்சுக்கு வேண்டுவது 1,633½ சதுர அடி. முப்பதுக்குச் சற்று மேற்பட்ட சதுர அடிகள் குறைந்தமையால் மூன்று துண்டும் விதிக்கு உட்படாதனவாகும். பாதையின்றி வீதிமுகத்தையே மூன்றாக வகுத்தாலோ, 20 அடி அகலமும் 90¾ அடி நீளமும் உடைய மூன்று கீற்றுக்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் 6⅔ பேர்ச். அகலம் 6 மீற்றர் என்னும் விதியும் சில அங்குலக் கணக்கில் நிறைவுறும். விதி நிறைவுறினும் 20 அடி அகலத்தில் அமையும் வீட்டின் நடு அறைக்கு ஒளி எங்கிருந்து வரும் என்பது வினா. நான்காவதாக ஒரு பெண் பிறப்பாளாயின் இக்கணக்கு முழுவதும் கலைந்துவிடும். மாடிவீடு ஒரு பகட்டென நினைப்பார், கீழ்கரையில் மாடி பெரும்பாலும் இரண்டாம் மகளின் சீதனம் என்பதை அறியார்.

காணியைப் பிரிப்பதற்கும் மன்றத்தின் இசைவு வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். நொத்தாரிசிடம் சென்று உறுதி முடித்துவிட்டாற் பிரிவு முடிந்தது என எண்ணுகின்றனர். உறுதி உடைமையை மாற்றும். அத்துண்டிற் கட்டடம் எழுப்பும் தகுதியை அது தருவதன்று. சீதனம் எழுதி, கலியாணமும் முடிந்து, மருமகன் வந்து தங்கியபின் வீடு கட்ட விண்ணப்பிக்கும்போதே துண்டு சிறிது என்னும் உண்மை வெளிப்படுகின்றது. மறுப்பின் கசப்பு அப்போது இரு குடும்பங்களுக்கிடையே புகுகின்றது. நியாயப்படி நோக்குமிடத்து, பிரிப்பனுமதியை உறுதி முடிக்குமுன் பெறுதலே முறை.

கிணறும் மலக்குழியும் பற்றிய விதி இதனினும் நுண்ணியது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 50 அடி இருத்தல் வேண்டும் என்பது சுகாதாரப் பரிசோதகர் பொதுவாக வற்புறுத்தும் அளவாகும். கரையோர மணலில் நீர் விரைந்து ஊடுருவும். நிலத்தின் கீழ் உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதப்பதே அங்குள்ள நன்னீர். ஆதலின் கிணறுகள் ஆழமற்றன, கேடு விரைவில் எய்துவன. 6 பேர்ச் சதுரக் காணியின் பக்கம் 40 அடிக்குச் சற்று மேல். மூலைக்கு மூலை 57 அடி. கிணற்றை ஒரு மூலையிலும் குழியை எதிர்மூலையிலும் வைத்தாலன்றி 50 அடி கிடையாது. மேற்கூறிய மூன்று கீற்றுக்களிலோ, கிணறு முன்னும் குழி பின்னுமாக மூன்று சகோதரியரும் ஒரே ஒழுங்கில் அமைத்தால் இடையகலம் பெறலாம். நடுவில் உள்ளவள் ஒருத்தி கிணற்றைப் பின்னும் குழியை முன்னும் மாற்றியமைத்தாலோ, அவளது குழி தமக்கை தங்கை இருவர் கிணற்றுக்கும் 20 அடி அளவில் வந்துவிடும். தன் காணிக்குள் அவள் செய்தது பிழையன்று. விதி பார்ப்பது எல்லைக்கோட்டை அன்று, நீரை. குழாய்நீர் வந்துள்ள இக்காலத்தும் கிணறுகள் கைவிடப்படவில்லையாதலின் இவ்விதியின் தேவை ஒழியவில்லை. வரைபடத்தில் அயலார் கிணற்றையும் குறிக்க வேண்டும் என்னும் நிபந்தனை சிலருக்கு வீண் தொல்லையாகத் தோன்றுவதுண்டு. மன்றம் கேட்கும் வினாக்கள் அனைத்தினும் மிகப் பயனுடையது அதுவே எனலாம்.

மேற்கே வயலின் நிலை வேறு. நெற்காணியை நிரப்பி மேடாக்கிக் கட்டடம் எழுப்புதற்குக் கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் இசைவு முன்னரே வேண்டும். ஊர் கடலுக்கும் வயலுக்குமிடையே நெருக்குண்டு கிடப்பதால் மக்கள் கண் வயற்பக்கம் செல்லுதல் இயல்பு. ஒவ்வொரு காணி நிரம்பும்போதும் மாரிநீர் நிற்கும் இடம் ஒன்று குறைகின்றது. 2011 இன் தொடக்கத்திற் கீழ்மாகாணத்தை மூடிய பெருவெள்ளம் அம்பாறைக் கரையோரத்துத் தாழ்நிலங்களை எல்லாம் அளந்து காட்டியது.

இனிக் கடல். 1981 ஆம் ஆண்டின் சட்டம் கரையோர வலயம் என ஒன்றை வரையறுத்தது. சராசரி உயர்நீர்க் கோட்டினின்றும் தரைப்பக்கமாக 300 மீற்றரும், தாழ்நீர்க் கோட்டினின்றும் கடற்பக்கமாக 2 கிலோமீற்றரும் அதன் எல்லை. களியோடை போன்று கடலோடு கலக்கும் ஆறுகளின் வழியே அவ்வலயம் மேலும் உள்ளே நுழையும். அவ்வலயத்தில் வீடு கட்ட மன்றத்தின் இசைவோடு கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும்; சிறு கட்டடங்களுக்குரிய அனுமதி பிரதேச செயலகத்தின் வழியாகவும் வழங்கப்படுவதுண்டு. வலயத்தினுள்ளும் கடலையொட்டிய ஒரு பகுதி எக்கட்டடமும் ஆகாத ஒதுக்கிடம். அதன் அகலம் கரையின் தன்மைக்கேற்ப இடத்துக்கிடம் வேறுபடும்.

2004 திசெம்பர் 26 ஆம் நாள் வரையும் இவ்விதி பெரும்பாலோர்க்கு ஏட்டளவினதாகவே இருந்தது. அன்று எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் 35,000 பேருக்கு மேற்பட்டோரைக் கொண்டது; அம்பாறை மாவட்டத்தில் மட்டும் மாண்டோர் 10,000 பேருக்கு மேலாவர். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது முதலாய ஊர்களில் கடலையொட்டி நெருங்கியிருந்த வீட்டு வரிசைகள் அடியோடு போயின. அதன்பின் அரசு தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றரும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றரும் கட்டடம் ஆகாத இடைவலயம் என அறிவித்தது. 200 மீற்றர் என்பது கீழ்கரையின் ஒடுங்கிய ஊர்களில் பல வீதிகளை ஒருங்கே அழிக்கும் அளவு. வீடிழந்தவன் தன் உறுதிக்காணியில் மீள ஒரு கல்லை வைக்க முடியவில்லை. மாற்றுக்காணியோ ஊருக்குள் இல்லை. கிழக்குக்கு ஏன் இருமடங்கு என்னும் வினாவும் எழுந்தது. 2005 இன் இறுதியிலும் 2006 இலும் அவ்வறிவிப்புத் தளர்த்தப்பட்டுக் கரையோரத் திணைக்களத்தின் பழைய அளவுகளே மீண்டன. இடைப்பட்ட ஓராண்டிற் கூடாரங்களிலும் தகரக் கொட்டில்களிலும் காலங்கழித்தவர்கள் பலர். அக்கரைப்பற்றுக்கு அணித்தாய நுரைச்சோலையிற் சவூதி அரேபிய நிதியினால் 500 வீடுகள் கட்டப்பட்டன. பகிர்வு குறித்த வழக்கு உயர் நீதிமன்றம் வரையும் சென்றது. வீடுகள் ஆண்டுக்கணக்கிற் குடிபுகுவாரின்றிக் கிடந்தன. கட்ட இடமில்லாத மக்களும் மக்களில்லாத வீடுகளும் சில கட்டை தூரத்துள் இருந்தமை இக்கரையின் வரலாற்றில் ஒரு துயரம்.

ஒலுவிலில் மட்டும் இவ்விதியோடு இன்னொரு சிக்கல் சேர்ந்தது. டென்மார்க்கு நாட்டு நிதியுதவியோடு எழுந்த துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் கடலுள் நீண்டு செல்கின்றன. கீழ்கரையோரத்தில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி இடைவிடாது நகர்வது. சுவர்கள் அந்நகர்வை மறிக்கவே, தென்புறத்திலும் துறைமுக வாயிலிலும் மணல் திரண்டது; வடபுறத்துக் கரை தனக்குரிய மணலைப் பெறாது அரிப்புண்டது. வாயில் மணலால் அடைபட்டு வள்ளங்கள் நுழைய இயலாதிருந்தமையும், வடபால் தென்னந்தோட்டங்கள் கடலிற் சரிந்தமையும் பலரறிந்தன. கட்டட அனுமதியை ஆராய்வார்க்கு இதிலுள்ள நுட்பம் யாதெனின், 300 மீற்றர் என்பது நிலத்தில் நாட்டிய கல்லினின்று அளக்கப்படுவதன்று. உயர்நீர்க் கோட்டினின்று அளக்கப்படுவது. கரை அரிக்குமாயின் அக்கோடு மேற்கு நோக்கி நகரும். அதனோடு வலயமும் நகரும். கடலினின்றும் 320 மீற்றரில் இருந்த ஒருவன் கரையோர அனுமதி எதுவும் வேண்டாது முறைப்படி வீடு கட்டியிருப்பான். கரை 30 மீற்றர் அழிந்தபின் அவன் மாடியெழுப்ப விண்ணப்பிக்குங்கால் அவனது வளவு வலயத்துள் அமைந்துவிடும். அவன் ஒன்றும் செய்திலன். கோடு அவனிடம் வந்தது. தென்புறத்தான் ஒருவனோ மணல் சேர்ந்தமையால் கடலினின்றும் விலகியவனாகத் தோன்றுவான்.

முன்பெற்ற அனுமதியைப் பின்வந்த அலை செல்லாததாக்குவதில்லை. கட்டியது கட்டியவாறே நிற்கலாம். புதிய அறையோ மேல்மாடியோ சேர்க்க வேண்டின், அல்லது வீடிடிந்து மீள எழுப்ப வேண்டின், அப்போதைய கோட்டையே நோக்குவர். வங்கிகள் வீட்டுக்கடன் வழங்குமுன் அங்கீகாரம் பெற்ற வரைபடத்தைக் கேட்பனவாதலின், வலயத்துள் அகப்பட்ட காணியின்மேற் பணம் பெறுதலும் அரிதாகும். இத்தகையோர்க்கு இழப்பீடு வழங்கும் முறை அரிக்கப்பட்ட நிலத்துக்கு மட்டுமன்றி, அரிப்பினாற் கட்டும் தகுதி குன்றிய நிலத்துக்கும் உரியதாதல் நியாயம்.

விண்ணப்ப முறையை எளிதாக்கும் முயற்சிகள் அயல்நாட்டிலும் நிகழ்கின்றன. தமிழ்நாட்டில் 2024 யூலை முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்கு மேற்படாத, தரைத்தளமும் ஒரு மாடியும் உடைய வீட்டுக்கு உரியவரின் தற்சான்றின் பேரில் இணையவழி உடனடி அனுமதி வழங்கப்படுகின்றது. காலந்தாழ்த்தாமை அதன் சிறப்பு. அதனை ஒலுவில் போன்ற கரையில் அவ்வாறே கொள்ளுதல் இயலாது. சாளரத்தின் அளவை உரியவன் தானே சான்றுபடுத்தலாம். அயலான் கிணற்றின் தொலைவையும் நகரும் உயர்நீர்க் கோட்டையும் யார் சான்றுபடுத்துவது? ஆயினும் உட்புறத்தே, கடலும் வயலும் தொடாத காணியில், ஒரு சிறு வீட்டுக்கும் பெருங்கட்டடத்துக்குரிய அதே நெறியைக் கைக்கொள்ளுதல் வேண்டுவதன்று.

கட்டிமுடித்தபின் பெறவேண்டிய இணக்கச் சான்றிதழே பெரும்பாலோர் கைவிடும் கடைசிப்படி. குடிபுகுந்து பால் காய்ச்சியாகிவிட்டது, இனி யார் கேட்பார் என்னும் எண்ணமே காரணம். வரைபடத்தில் இல்லாத ஒரு பின்தாவாரமோ, எல்லைமதிலோடு ஒட்டிய ஒரு சமையலறையோ சேர்ந்திருப்பின் சான்றிதழ் கிடையாது என்னும் அச்சமும் உடன்நிற்கும். தாவாரம் கட்டுமுன் திருத்திய வரைபடம் ஒன்றை மன்றத்துக்கு அளித்தால் அச்சத்துக்கு இடமில்லை. வீட்டை விற்கும்போதும், பிள்ளைக்கு எழுதும்போதும், அனுமதிப்பத்திரம், வரைபடம், இணக்கச் சான்றிதழ் ஆகிய மூன்றும் உறுதியோடு ஒருங்கே கேட்கப்படும். கரையோரக் காணியாயின் கரையோர அனுமதியும், அளவைப்படத்தில் நில அளவையாளர் கடலை அளந்த நாளும் அவற்றோடு சேர்த்துப் பார்க்கப்படும்.